உப்பாற்றங்கரைப் பறவைகளும் புகைப்படக் கருவியும்

நீர்வேலி என்றவுடன் வாழைத்தோட்டங்களே பலருக்கும் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, செம்மண்ணும் கிணற்று நீரும் தந்த செழிப்புடன் விளங்கும் ஊர் அது. ஆயினும் அவ்வூரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வோர் வேறோர் உலகைக் காண்பர். தோட்டம் முடிந்து வயல் தொடங்கும். வயல் முடிந்து தரவை தொடங்கும். அதற்கும் அப்பால் உப்பாற்றுக் கடல்நீரேரி பரந்து கிடக்கும்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மாரி மழை ஓய்ந்து, தை பிறக்கும் வேளையில் ஏரியின் ஓரங்கள் வற்றிச் சேறு வெளிப்படுகிறது. அச்சேற்றில் வாழும் புழுவும் சிற்றுயிரும் தூரதேசத்துப் பறவைகளுக்கு விருந்தாகின்றன. ஊசிவால் வாத்து வட ஆசியாவிலிருந்து வருகிறது. மன்னாரிலே சிறு கருவி பொருத்திவிடப்பட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் வடதுருவப் பகுதிவரை பறந்து சென்றமையை ஆய்வாளர் அண்மை ஆண்டுகளிற் கண்டறிந்துள்ளனர். இலங்கைக்குத் தெற்கே நெடுந்தூரம் கடலேயன்றி நிலமில்லை. ஆதலால் இவற்றுட் பலவற்றுக்குப் பயணத்தின் முடிவிடமே இத்தீவுதான்.

இவற்றைப் படம் பிடிக்க வருபவர் முதலிற் கணக்கிட வேண்டியது பறவையை அன்று, சூரியனை. காலையில் நீர்வேலிக் கரையிலே நின்றால் வெயில் முகத்தில் அடிக்கும். நாரையும் வாத்தும் வெறுங் கருநிழல்களாகவே படத்தில் விழும். விடயம் அறிந்தவர் பனி விலகுமுன்பே புத்தூருக்குச் சென்று, மீசாலை வீதியிலே திரும்பி, ஏரியைக் கடந்து சரசாலையை அடைவர். குருவிக்காடு எனப்படும் கண்டற்காடு அங்கேதான் உள்ளது. அங்கே சூரியன் முதுகுப்புறம் நிற்க, பறவையின் இறகு ஒவ்வொன்றும் துலங்கும். நண்பகலில் தரவையிலே கானல் எழுந்து உருவங்கள் நெளியும். அப்பொழுது கருவியைப் பைக்குள் வைத்துவிட்டுச் சோற்றுப் பொதியை அவிழ்ப்பதே நன்று. பிற்பகலில் நீர்வேலிக் கரையின் முறை வரும்.

வெண்கொக்கு ஒரு தனிச் சிக்கல். கரிய சேற்றைக் கண்ட கருவி இருட்டென்று எண்ணி ஒளியை மிகுதியாக உள்ளே விடும். கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். ஒளியைச் சற்றே குறைத்தாற்றான் இறகின் மடிப்புத் தெரியும். வண்ணப் படங்கள் பெருகிய காலத்திலும் கறுப்பு வெள்ளையை விடாத சென்னை மா. கிருஷ்ணன் (1912–1996), பல பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்த பெருங்கருவி ஒன்றைச் சுமந்து காட்டுயிர்களைத் தேடி அலைந்தார். இன்றைய கருவியோ ஆயிரம் படங்களை அலுக்காமற் பதிவு செய்யும். பொறுமையை மட்டும் அதனாற் கொடுக்க முடிவதில்லை.

பொறுமை வேண்டுவது நெருங்கும்போதுதான். மேயும் மாட்டுக்கு அஞ்சாத பறவை, நிமிர்ந்து நேரே நடந்துவரும் மனிதனைக் கண்டால் எழுந்துவிடும். இங்கிலாந்தின் கேர்ட்டன் சகோதரர்கள் இதனை அறிந்து, உள்ளே வெறுமையான பொய்மாடு ஒன்றைச் செய்து அதனுள் ஒளிந்திருந்து படம் பிடித்தனர்! நம்மவர்க்கு அத்துணை தூரம் வேண்டியதில்லை. குனிந்து சாய்வாகச் சென்று, நிறம் மங்கிய சாக்கைப் போர்த்தி அமர்ந்தாற் போதும். இரைதேடும் கூட்டம் தலை நிமிர்ந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். கூட்டமாக எழும் காட்சிக்காக மண்ணாங்கட்டி எறிவோரும் உளர். பூநாரைகளின் தலைக்கு மேலே ட்ரோன் விடுவோரும் உளர். அது வேட்டைக்கு அடுத்த படியே. ஒவ்வொரு வீண்பறப்பும் பங்குனியளவில் வடக்கே திரும்புவதற்கென்று பறவை உடலிற் சேர்க்கும் கொழுப்பைக் கரைக்கிறது.

1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் இவ்வெளிகளிலே கருவியுடன் உலவுதல் எளிதாயிருக்கவில்லை. ஆகவே நாளும் இடமும் குறித்துவைக்கப்படும் சாதாரணப் படமும் பிற்கால ஆய்வாளருக்குச் சான்றாகும். சில பறவைகளின் காலிலே நிறவளையம் இருக்கும். மாலை வெயில் பின்னிருந்து விழும் நேரத்தில், நீர்வேலிக் கரையிலிருந்து எடுத்த படத்தைப் பெருக்கிப் பார்த்தால் அதன் எழுத்துகளையும் வாசிக்கலாம். வளையமிட்டவர்களுக்கு அதனை எழுதியனுப்பினால், அப்பறவை எந்த நாட்டில், எந்த நாளிற் பிடித்து விடப்பட்டதென்று மறுமொழி வரும்.