கண்ணுக்குக் கீழே கறை: நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் அல்ல. பி.காம். படித்துவிட்டு வங்கியில் பேரேடு எழுதியவன். தப்பாக எழுதிய பதிவைத் திருத்துவது போல ஒரு திருத்தம் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு வெள்ளை பொமரேனியனுக்குக் கண்ணுக்குக் கீழே செம்பழுப்பாகக் கோடு விழுந்தது. போட்டோவில் அசிங்கமாக இருக்கிறது என்று பேத்திக்கு வருத்தம். ஒரு கடையில், "தினம் ஒரு சிட்டிகை சோற்றில் கலந்து போடுங்க சார்" என்று ஒரு பவுடர் கொடுத்தார்கள். கறை மங்கியது. நானும் பெருமையாக நம் தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். பிறகுதான் டப்பாவில் சின்ன எழுத்தைப் படித்தேன். டைலோசின். கோழிகளுக்கும் மாடுகளுக்கும் கொடுக்கிற ஆன்டிபயாட்டிக். கடன் பத்திரம் என்றால் முதலிலேயே படித்திருப்பேன்!

அமெரிக்காவில் இதே மருந்து கலந்த கறைநீக்கிப் பவுடர்கள் அனுமதியில்லாமல் விற்பனையானபோது, அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2014 ஆகஸ்டில் எச்சரித்தது. டைலோசின், நமக்கு எழுதித் தரும் எரித்ரோமைசின், அசித்ரோமைசின் வகையைச் சேர்ந்தது. தினமும் சிறிதளவு கொடுத்தால் மருந்துக்குப் பணிகிற கிருமி சாகும், பணியாதது மிஞ்சிப் பெருகும். அந்த நாய்தான் பேத்தியின் முகத்தை நக்குகிறது. கிருமிக்கு நாய் வேறு, மனிதர் வேறு என்ற கணக்கு கிடையாது. குறைந்த அளவு மருந்து கிருமியைப் பழக்கிவிடும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-லேயே நோபல் உரையில் சொல்லிவிட்டார்.

கறை என்பது நோயே இல்லை. கண்ணீரில் உள்ள போர்பிரின் என்ற நிறமி, வெள்ளை முடியில் படிவதுதான். ஆனால் கண்ணீர் வழிவதற்குக் காரணம் இருக்கலாம்: கண்ணீர்க் குழாய் அடைப்பு, முடி உரசல், இமைக் கோளாறு. பவுடர் அதையெல்லாம் மறைத்துவிடும். நிறுத்தினால் கறை திரும்ப வரும். அதனால் கடைக்காரருக்கு நிரந்தர வைப்பு!

நாள்பட்ட வயிற்றுப்போக்குக்கு டாக்டர் டைலோசின் எழுதினால் அது வேறு. அவர் சொன்னபடி கொடுங்கள். அழகுக்கு வேண்டாம். கண்ணைக் காட்ட குரும்பாப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆறவைத்த வெந்நீரில் பஞ்சை நனைத்து தினமும் துடையுங்கள், கண்ணோர முடியைக் கவனமாகக் கத்தரியுங்கள்.

நான் பவுடர் சொன்ன நாலு வீட்டில் மூன்று வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். நாலாவது வீட்டம்மா ஊருக்குப் போயிருக்கிறார்கள். இதைப் படித்தால், அம்மா, தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.