அணுவை ஓட்டும் யந்திரம் யாருக்கு?

(ஏற்காட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மலையில் இடி இடித்தால் சாமிக்குக் கோபம் என்று சொல்லி, கடா வெட்ட நாள் பார்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டில்லியிலோ அந்த மின்சாரத்தையே மனிதன் ஒரு தொட்டிக்குள் அடைத்து வேலை வாங்குகிறான். அதைப்பற்றியே இன்று பேசுகிறேன்.

அணுவின் நடுவில் கரு இருக்கிறது. அதன் இயல்பை அறிய இன்னொரு கருவை அதன் மேல் மோதவிட வேண்டும். ஆனால், இரண்டும் ஒரே ஜாதி மின்சாரமாயிருப்பதால், ஒன்றையொன்று கிட்டே அண்டவிடா! கரு பாரமாக ஆக, அதிக வேகத்தில் ஓட்டினால்தான் மோதும்.

இதற்காக 1984-ம் வருஷத்தில் பல்கலைக்கழக மானியக் குழு டில்லியில் ஒரு மையத்தை ஏற்படுத்திற்று. 1990-ல் அங்கு 'பெல்லட்ரான்' என்னும் யந்திரம் ஓடத் தொடங்கிற்று. கோபுரம் போல் நிற்கும் தொட்டி. அதற்குள் உலோக உருளைகள் கோத்த சங்கிலி மின்சாரத்தைச் சுமந்துபோய் நடுவிலே சேர்க்கும். ஒன்றரைக் கோடி வோல்ட் வரை ஏற்றலாம். உள்ளே மின்னல் பாயாமல் காப்பது மந்திரமல்ல, தாயத்துமல்ல. கந்தகமும் ஃப்ளோரினும் சேர்ந்த ஒரு வாயு!

மேலேயிருந்து வரும் எதிர்மின் அணுவை நடு முனை இழுக்கும். அங்கே மெல்லிய கரித் தகடு அதன் எலெக்ட்ரான்களை உரித்துவிடும். உடனே அது நேர்மின்னாகிவிடுவதால், இழுத்த முனையே அதைக் கீழே தள்ளும். ஒரே மின்சாரத்திற்கு இரண்டு வேலை!

பாரமான கருக்களுக்கு இவ்வேகமும் போதவில்லை. ஆகவே நியோபியம் என்ற உலோகத்தாலான அறைகளைத் திரவ ஹீலியத்தில் சுமார் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிரவைத்து, அவற்றின் வழியே மேலும் ஓட்டினார்கள். முதலில் அமெரிக்காவின் ஆர்கான் ஆராய்ச்சிக்கூடத்தோடு கூடிச் செய்தார்கள். பிறகு டில்லியிலேயே செய்யக் கற்றார்கள். சரஸ்வதி வந்து நாவில் எழுதவில்லை. கை பழகிற்று, அவ்வளவுதான்.

நிற்க. இம்மையத்தின் இன்றைய பெயரே 'பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம்.' ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே இத்தகைய யந்திரம் கட்ட முடியாதென்பதால், எல்லோருக்கும் பொதுவாகக் கட்டப்பட்டது. என்ன ஆராயப்போகிறாய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தகுந்ததானால் யந்திரத்தில் நேரம் ஒதுக்குவார்கள். கோத்திரம் கேட்பதில்லை.

இம்மலையடிவாரத்தில், சேலத்தில், 1997-ல் ஏற்பட்ட பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கிருந்தும் கேட்கலாம். ஆனால் கேட்கப் பிள்ளை வேண்டுமே! காப்பித் தோட்டத்துக் கூலியின் மகளும், மலையாளிக் குடியின் மகனும் பாதிப் படிப்பில் நின்றுவிட்டால், பொது யந்திரமும் சிலருக்கே சொந்தமாகிவிடும். கதவு திறந்திருந்தால் போதாது. வாசல் வரை நடத்திக்கொண்டு போக வேண்டியவர்கள் நாம்.

தோழர்களே! அடுத்த இடிக்குக் கடா வாங்கும் பணத்தில் பிள்ளைக்கு விஞ்ஞானப் புத்தகம் வாங்குங்கள். பெண்ணையும் சேர்த்தே படிக்க அனுப்புங்கள். இடி என்னவென்று அவளே வந்து உங்களுக்குச் சொல்லுவாள்.