தலைப்பெழுத்தும் நிறுவனப் பெயரும்: டி.வி. சுந்தரம் ஐயங்காரின் தொழிலும் இல்லமும்

ஒரு மனிதரின் தலைப்பெழுத்துகளே அவர் தொடங்கிய தொழிலுக்குப் பெயராகி, நாளடைவில் நேரந்தவறாமை என்னும் குணத்திற்கும் மறுபெயராக வழங்கியமைக்கு மதுரைச் சீமையில் கிடைக்கும் சிறந்த சான்று டி.வி.எஸ். என்பதாகும். முதலெழுத்து நூற்றெட்டு திவ்யதேசங்களுள் ஒன்றான திருக்குறுங்குடியையும், இரண்டாவது தந்தையார் வேங்கரம் ஐயங்காரையும், மூன்றாவது 1877 மார்ச் 22 அன்று அவருக்கு மகனாகப் பிறந்த சுந்தரத்தையும் குறிக்கும். ஊர், தந்தை, தன்பெயர் என அமையும் இம்மரபில், அடுத்த தலைமுறைக்கு வரும்போது ஊரெழுத்து அப்படியே நிற்க, தந்தையின் எழுத்து முன்னே வரும். அவ்வாறே பிள்ளைகள் டி.எஸ். ராஜம், டி.எஸ். சந்தானம், டி.எஸ். சீனிவாசன், டி.எஸ். கிருஷ்ணா என அறியப்பட்டனர், மகளும் டி.எஸ். சௌந்தரம் என்றே அறியப்பட்டார். நிறுவனமோ 'டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ்' என்று, மைந்தரை மட்டுமே சுட்டும் பெயரைத் தாங்கியது. தலைப்பெழுத்தில் இடம்பெற்ற மகள் நிறுவனப் பெயரில் இடம்பெறவில்லை என்னும் இச்சிறு வேறுபாட்டை மனத்திற்கொண்டு பார்க்கும்போதுதான் அவருடைய வணிகமும் இல்லறமும் ஒருசேரத் துலங்குகின்றன.

சட்டம் பயின்று வழக்கறிஞராகத் தொடங்கி, பின்னர் ரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றிய அவர், மாதச் சம்பளம் தரும் பாதுகாப்பை விட்டு 1911இல் சொந்தத் தொழிலில் இறங்கி, 1912இல் மதுரையில் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கினார். மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் ஆள் சேர்ந்தால் கிளம்பும், வழியில் நிழல் கண்டால் நிற்கும் என்றிருந்த காலம் அது. பயணத்திற்கு நாள் குறித்துப் பழகியவர்களுக்கு மணி குறித்துப் பழக்கமில்லை. பயணிகள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குறித்த நேரத்தில் வண்டியை எடுத்துவிடுவது அன்றைய கணக்கில் நட்டமே. வண்டி நிச்சயமாக வரும் என்ற எண்ணம் ஊராரிடம் வேரூன்றிய பிறகே அந்த நட்டம் முதலீடாக மாறும். பின்னாளில் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பேருந்துகளும் சரக்குந்துகளுமாகப் பெருகிய இத்தொழிலின் பேருந்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட கதையை மதுரைப் பக்கத்து முதியவர்கள் சொல்லக் கேட்காத குடும்பங்கள் அங்கு குறைவு.

இத்தகைய ஒழுங்குக்கு அன்று பெரும்பகையாக இருந்தது லாட ஆணி. வண்டிமாடுகளின் குளம்பு தேயாமலிருக்க அடிக்கப்படும் இரும்புத்தகடே லாடம். அதைப் பிடித்திருக்கும் சிறு ஆணிகள் நடையில் தளர்ந்து சாலையில் உதிர்ந்து கிடக்க, பேருந்துச் சக்கரம் அவற்றின்மேல் ஏறும்போதெல்லாம் டயர் பஞ்சராகி, நேர அட்டவணை முழுவதும் குலைந்துபோகும். இதற்கு மாற்றாகப் பெரிய காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓடவிட்டு ஆணிகளைத் திரட்டச் செய்தார் என்பது அவரைப்பற்றி அடிக்கடி சொல்லப்படும் செய்தி. சாலை அரசினுடையது, ஆணி வண்டிக்காரனுடையது, ஆயினும் தாமதம் தம்முடையது என்று கருதிய மனப்பாங்கு இச்செய்தியில் வெளிப்படுகிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்து பேருந்துகள் முடங்கும் நிலை ஏற்பட்டபோது, இந்நிறுவனம் கரிவாயுக் கருவியைத் தயாரித்து விற்கலாயிற்று. 'கேஸ் பிளாண்ட்' என்று பட்டறைகளில் வழங்கிய அக்கருவி, மரக்கரியைப் போதிய காற்றின்றி எரித்து, அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைத் தூசுபோக வடிகட்டிக் குளிர்வித்து எஞ்சினுக்கு அனுப்பும் அமைப்பாகும். பேருந்தின் பின்புறம் உருளைப் பீப்பாய் ஒன்று நிற்கும். விடியுமுன் வந்து பழைய சாம்பலைக் கிளறிக் கொட்டி, கரியை நிரப்பி, நெருப்பு வைத்து, கைப்பிடியைச் சுற்றிக் காற்றூதி, வாயு பற்றும் பக்குவத்திற்கு வரும்வரை காத்திருந்தால்தான் வண்டி அசையும். மேட்டில் இழுவை குறையும். இறங்கி வந்தவர் சட்டையில் கரி படிந்திருக்கும். மக்கள் அதைக் 'கரி பஸ்' என்று கேலி கலந்து அழைத்தனர், எனினும் ஏறிச் சென்றனர்.

வணிகத்தில் இத்துணைத் தெளிவாகப் புலப்படும் அவருடைய உறுதி, இல்லத்தில் கடினமான சோதனைக்கு உள்ளாயிற்று. 1904இல் பிறந்த சௌந்தரம், அக்கால வழக்கப்படி சிறுவயதிலேயே மணமுடிக்கப்பட்டு, மருத்துவரான கணவர் சௌந்தரராஜனை இளமையிலேயே இழந்தார். வைதிக ஐயங்கார் இல்லங்களில் கைம்பெண்ணுக்கு அன்று விதிக்கப்பட்டிருந்தவை மழித்த தலை, நார்மடிப் புடவை, சமையற்கட்டின் பின்புறம் ஆகியனவே. அவ்விதியின் பிடியிலிருந்து விடுபட்டு, அவர் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936இல் மருத்துவராக வெளிவந்தமைக்குக் கணவரின் விருப்பமும் பெற்றோரின் ஆதரவும் துணைநின்றன. ஊரார் பேச்சுக்கு அஞ்சாமல் மகளை டெல்லிக்கு அனுப்புவது, ஆளில்லாத பேருந்தை நேரத்திற்கு எடுப்பதைவிடப் பன்மடங்கு துணிவை வேண்டுவது.

அத்துணிவுக்கும் ஓர் எல்லை இருந்தது என்பதை நினைவுரை மறைக்கலாகாது. டெல்லியில் சுசீலா நாயரின் நட்பாலும் காந்தியடிகளின் தொடர்பாலும் பொதுவாழ்வுக்கு வந்த சௌந்தரம், கேரளத்தைச் சேர்ந்த காந்தியத் தொண்டர் ஜி. ராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது பெற்றோர் அதற்கு இசையவில்லை. கைம்பெண் மறுமணம் 1856இலேயே சட்டப்படி ஏற்கப்பட்டுவிட்டதாயினும், வேறு சாதியில் மறுமணம் என்பதை ஏற்கும் அளவுக்கு அக்ரகாரம் மாறியிருக்கவில்லை. மணமக்கள் சிலகாலம் பிரிந்திருந்து தங்கள் உறுதியைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று காந்தியடிகள் விதித்த நிபந்தனை நிறைவேறிய பின், 1940 நவம்பரில் அவர் முன்னிலையில் திருமணம் நடந்தது. மகளைப் படிக்கவைத்த தந்தை, அப்படிப்பு தந்த சுதந்திரத்தின் விளைவைக் கண்டு தயங்கியதை முரண் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆயினும் தம் காலத்தைவிட முன்னே நடந்தவர்களும் எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடுவதையும், அவர்கள் நின்ற இடத்திலிருந்து பிள்ளைகள் நடக்கத் தொடங்குவதையும் குடும்பங்கள் அறியும். சௌந்தரத்தின் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்பதை வீட்டார் அறியாதிருந்திருக்க மாட்டார்கள்.

மைந்தர் வழியில் தொழில் விரிந்த வரலாறு பலரும் அறிந்தது. சுருங்கச் சொன்னால் போதும். தந்தையார் வாழ்ந்திருந்தபோதே, 1954இல், டி.எஸ். சந்தானம் இரண்டு இலட்சம் ரூபாய் மூலதனத்தில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். லாரி வாங்க விழைபவர் ஒரு பகுதியைச் செலுத்தி வண்டியை ஓட்டிச் சம்பாதித்தபடியே மீதியைத் தவணையாகக் கட்டி, கடைசித் தவணை முடிந்ததும் உரிமையாளராகும் 'ஹயர் பர்சேஸ்' எனும் தவணைக் கொள்முதல் முறையால், ஓட்டுநர்களாக இருந்த பலர் முதலாளிகளாயினர். 1955 ஏப்ரல் 28 அன்று, 78ஆம் வயதில், சுந்தரம் ஐயங்கார் மறைந்தார். 1960களில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன் என வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டைக்கொண்டே இன்றைய தலைமுறை அம்மூன்று எழுத்துகளை அறியும். அதில் பால்கேன் கட்டிச் செல்பவருக்குத் திருக்குறுங்குடி நினைவுக்கு வரவேண்டிய கட்டாயமும் இல்லை. அவர் பெயருக்கு மூலமான பேருந்துகளோ 1970களின் தொடக்கத்தில் அரசுடைமையாகி, வேறு வண்ணத்தில் அதே சாலைகளில் ஓடின.

மகள் வழியில் விரிந்தது வேறு வகையான ஆலமரம். சின்னாளபட்டியில் சிறு மருத்துவ இல்லமாகத் தொடங்கிக் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்த பணியும், 1947இல் தம்பதியர் இருவரும் நிறுவிய காந்திகிராமமும், அதன் கிளையாக 1956இல் எழுந்து 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கிராமிய நிறுவனமும் அவருடைய பெயரைச் சொல்வன. 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குச் சென்று மத்தியக் கல்வித் துணை அமைச்சராகப் பணியாற்றிய அவருக்கு அதே ஆண்டில் பத்மபூஷண் வழங்கப்பட்டது. 2022இல் டி.வி.எஸ். குழுமத்தின் உடைமை குடும்ப உடன்பாட்டின்படி ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகிய நால்வர் வழியினருக்கும் பகுக்கப்பட்டபோது, அக்கணக்கில் மகள் வழி என ஒன்று இருக்கவில்லை. ராமச்சந்திரனை மணந்த பின்னும் அவர் டி.எஸ். சௌந்தரம் ராமச்சந்திரன் என்றே அழைக்கப்பட்டார்; திருக்குறுங்குடியும் சுந்தரமும் அவர் பெயரின் முன்னிருந்து கடைசிவரை நீங்கவில்லை.