திரும்பி வர ஒரு வழி வேண்டும்

(ஜொகூர், உலு திராமில் ஆற்றிய உரை)



2024 மே 17 அதிகாலையில் இந்த உலு திராம் காவல் நிலையத்தில் இரண்டு இளம் போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். தாக்கியவனும் 21 வயது வாலிபன்தான். அவனும் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் தனி ஆளாகவே செயல்பட்டான் என்றார் உள்துறை அமைச்சர். ஆனால் ஜெமா இஸ்லாமியாவின் மையமாக இருந்த லுக்மானுல் ஹக்கிம் பள்ளியும் இதே ஊரில்தான் இருந்தது. அதை அரசு மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கட்டடத்தைப் பூட்டலாம். மனதில் ஊறிய வெறுப்பைப் பூட்ட முடியுமா?

அப்படியானால் தீவிரவாதத்தில் சிக்கியவனை எப்படி வெளியே கொண்டு வருவது? நம் நாட்டு வரலாறே பாடம் சொல்கிறது.

1955-இல் துங்கு கம்யூனிஸ்டுகளுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார். அதே டிசம்பரில் பாலிங்கில் பேச்சு நடந்தது. சரணடைய வேண்டும், போலீஸ் விசாரணைக்கு உட்பட வேண்டும் என்ற நிபந்தனையைச் சின் பெங் ஏற்கவில்லை. பேச்சு முறிந்தது. 1989 டிசம்பர் 2-ஆம் தேதி ஹாட்யாய் ஒப்பந்தத்தில் 'சரண்' என்ற சொல்லே இல்லை. ஆயுதங்கள் அழிக்கப்பட்டன, மலேசியர்கள் ஊர் திரும்பலாம் என்றார்கள். சண்டை ஓய்ந்தது. ஆனால் சின் பெங் திரும்பக் கேட்டபோது பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். 2013-இல் அவர் பேங்காக்கிலேயே இறந்தார். மானத்தோடு வர விட்டால் வருவார்கள். கொடுத்த வாக்கை அரசு காப்பாற்றாவிட்டால் அடுத்தவன் எதை நம்பி வருவான்?

இது நமக்கும் பொருந்தும். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று சொல்லி 12 தமிழர்களை சோஸ்மா சட்டத்தில் பிடித்தார்கள். 2020 பிப்ரவரியில் அரசு வழக்கறிஞர் தலைவர் வழக்கை மீட்டுக்கொண்டார். அதுவரை உள்ளே கழிந்த மாதங்களை யார் திருப்பித் தருவது? குண்டர் கும்பல் வழக்குகளிலும் நம் பிள்ளைகள் மீது இதே சட்டம்தான் பாய்கிறது. பிள்ளை வழி தவறுகிறான் என்று தெரிந்தாலும் எந்தத் தாய் துணிந்து போலீசிடம் போவாள்?

அரசிடம் நாம் கேட்பது மூன்று. விசாரணையில்லாத் தடுப்புக்காவலை ஒழியுங்கள். விலகி வருகிறவனுக்குத் தொழிற்பயிற்சியும் வேலையும் கொடுங்கள். அவன் குடும்பத்தின் மீது முத்திரை குத்தாதீர்கள். கொலை செய்தவனுக்குத் தண்டனை உண்டு. அதை நீதிமன்றம் கொடுக்கட்டும்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். சோஸ்மாவில் பிடித்தாலும் குடும்பத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போட முடியாது. பயந்து வீட்டில் உட்காராதீர்கள். கேளுங்கள். அது உங்கள் உரிமை.