புகையும் ஆவியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். அவ்வழக்கத்திற்கு மாறாக, மின்சிகரெட்டைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்துள்ளனர். பார்சல் அலுவலகத்தில் இரசீது எழுதும் எழுத்தருக்கு, அதுவும் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கொண்டவருக்கு, இப்பொருளில் என்ன தகுதி என்று செயலாளரைக் கேட்டோம். "மருத்துவர் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்; நீர் பேசினால் எதிர்த்துக் கேட்பார்கள், அதுதான் வேண்டும்" என்றார். அவர் எண்ணம் நிறைவேறட்டும்.

கடந்த ஆடி மாதத்தில் நம் கரக்பூர்க் காலனியில் நடந்த இரு நிகழ்ச்சிகளை நீங்கள் அறிவீர்கள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை ஒருவனின் புத்தகப் பையில், விரல் நீளத்தில் ஒரு பொருள் இருந்தது. அவன் தாயார் அதைக் கணினியில் செருகும் பென்டிரைவ் என்றே நினைத்தார். முகர்ந்து பார்த்தபோது மாம்பழ வாசனை வந்தது. அது மின்சிகரெட். இது முதல் நிகழ்ச்சி. ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநராகிய நம் அண்ணாச்சி, மகளின் பேறுகாலத்திற்காக இங்கிலாந்து சென்று ஆறு திங்கள் தங்கித் திரும்பினார். முப்பத்தைந்து ஆண்டுகள் நாளொன்றுக்கு இருபது சிகரெட் புகைத்தவர், திரும்பி வந்தபோது ஒன்றுகூடப் புகைக்கவில்லை. அவர் சட்டைப்பையிலும் அதே இனத்துப் பொருள்தான் இருந்தது. இது இரண்டாவது.

மாதர் பிரிவுக் கூட்டத்தில் இப்பொருளைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்தபோது, அண்ணாச்சி எழுந்து நின்றார். "எனக்கு இருமல் நின்றுவிட்டது. மாடிப்படி ஏறுகிறேன். இதை நஞ்சு என்கிறீர்கள், சரி. நம் வாசலிலேயே பெட்டிக்கடையில் விற்கிறதே, அதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார். கூட்டத்தில் எவரும் விடையிறுக்கவில்லை. தீர்மானமும் ஒத்திவைக்கப்பட்டது. அந்தக் கேள்விக்கு விடை தேடியே யாம் சில திங்கள் படித்தோம்.

முதலில் அப்பொருள் இயங்கும் முறை. சிகரெட்டில் புகையிலை எரிகிறது. இழுக்கும்போது அதன் நுனி ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தை எட்டுகிறது. அந்தப் புகையில் 7000-க்கும் மேற்பட்ட வேதிப் பொருள்கள் உள்ளன. அவற்றுள் 70 அளவிலானவை புற்றுநோய் தருவன. மின்சிகரெட்டில் எரிதல் என்பதே இல்லை. சிறு பாட்டரி ஒரு கம்பிச் சுருளைச் சூடாக்க, கிளிசரின் போன்ற திரவமும் வாசனைப் பொருளும் நிகோடினும் ஆவியாகி வாய்க்குள் செல்கின்றன. அடிமைப்படுத்துவது நிகோடின், கொல்லுவது பெரும்பாலும் எரிதலால் பிறக்கும் தாரும் நச்சு வாயுக்களும். லண்டன் மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் இவ்வேறுபாட்டை 1976-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அவ்விரண்டையும் பிரித்துவிட்டால் என்ன என்னும் எண்ணமே இன்று 'தீங்கு குறைப்பு' என்று வழங்கப்படுகிறது. இன்றைய வடிவில் அக்கருவியை 2003-இல் அமைத்தவர் ஹான் லிக் என்னும் சீன மருந்தியலாளர். அவரும் புகைத்தவர், அவர் தந்தை நுரையீரல் புற்றுநோயால் மாண்டவர்.

இவ்விடத்தில் எம் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சரக்கு ரயிலில் கார்டாகப் பணியாற்றியவர். இரவெல்லாம் பிரேக் வானில் தனியே அமர்ந்து பயணம் செய்பவருக்குப் பீடி ஒன்றே பேச்சுத் துணை என்பார். எம் தாயார் நாள்தோறும் வற்புறுத்தவே, 1990 வாக்கில் பீடியை விட்டு, வடிகட்டி வைத்த சிகரெட்டுக்கு மாறினார். "பார், அழுக்கெல்லாம் பஞ்சிலே தங்கிவிடுகிறது" என்று, புகைத்து முடித்த சிகரெட்டின் பழுப்பேறிய பஞ்சைப் பிரித்து எம்மிடம் காட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. வீட்டில் அனைவரும் அதை நம்பினோம். தாயார் கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தார். 2000-ஆம் ஆண்டில், ஐம்பத்திரண்டாம் அகவையில், பணியில் இருக்கும்போதே தொண்டைப் புற்றால் அவர் மறைந்தார். வாரிசு என்னும் முறையில் எமக்கு இந்த எழுத்தர் வேலை கிடைத்தது. எம் மேசையும் நாற்காலியும் எவ்வாறு வந்தன என்பதை யாம் மறப்பதில்லை.

ஆகவே, 'இது தீங்கு குறைந்தது' என்று எவரேனும் சொன்னால் எமக்கு முதலில் அந்தப் பஞ்சுதான் நினைவுக்கு வருகிறது. வடிகட்டியின் வரலாற்றைப் படித்தபோது அந்த ஐயம் பெருகியது. அமெரிக்காவில் 1952 முதல் 1956 வரை கென்ட் என்னும் சிகரெட்டில், உடல்நலம் காக்கும் வடிகட்டி என்று விளம்பரம் செய்து, ஆஸ்பெஸ்டாஸ் நாரையே வைத்து விற்றனர். பின்னர் 'லைட்' என்னும் பெயரில் சிகரெட்டுகள் வந்தன. அவற்றின் வடிகட்டியில் நுண்ணிய துளைகள் இருக்கும். ஆய்வு எந்திரம் இழுக்கும்போது துளைவழியே காற்றுப் புகுவதால் தார் குறைவாகத் தோன்றும். மனிதனோ விரலால் துளையை மூடிக்கொண்டு ஆழமாக இழுப்பான். 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று இவ்வகையில் நிறுவனங்கள் மக்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்தது.

புகையிலை வழக்கே புதிதன்று. அக்பர் அவைக்கு அசத் பேக் என்னும் அதிகாரி பீஜப்பூரிலிருந்து புகையிலையும் குழாயும் கொண்டுவந்தபோது, எம் நூல்களில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை என்று அரண்மனை மருத்துவர் மறுத்தார். எல்லாப் பொருளும் ஒரு காலத்தில் புதியதாகத்தானே இருந்தது என்று அசத் பேக் வாதித்தார். 1617-இல் ஜஹாங்கீர் தடையாணை பிறப்பித்தார். அந்தத் தடை எவ்வளவு பலித்தது என்பதை நம் பெட்டிக்கடையைப் பார்த்தாலே அறியலாம்.

எனினும் பழைய ஏமாற்றத்தைக் கொண்டே புதியதை அளப்பது முறையாகாது. வடிகட்டியை வைத்த பின்னும் புகையிலை எரிந்தது. இதிலோ எரிவதே இல்லை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 2015-இல், மின்சிகரெட் சிகரெட்டைவிட ஏறத்தாழ 95 விழுக்காடு தீங்கு குறைந்தது என்று அறிவித்தது. அந்த எண்ணுக்குப் போதிய அடிப்படை இல்லை என்று லான்செட் என்னும் மருத்துவ இதழ் அதே ஆண்டில் கண்டித்தது. ஆயினும் அந்நாட்டு அரச மருத்துவர் கல்லூரி 2016-இல் அதே வழியில்தான் நின்றது. 2019-இல் 886 பேரைக் கொண்டு அங்கே நடந்த ஆய்வில், ஓராண்டுக்குப் பின் சிகரெட்டை விட்டிருந்தவர், மின்சிகரெட் பெற்றோரில் நூற்றுக்குப் பதினெண்மர். நிகோடின் பசை, பட்டை முதலியன பெற்றோரில் நூற்றுக்குப் பதின்மர். அண்ணாச்சி அந்தப் பதினெட்டில் சேர்ந்தவர். அவர் கூற்றைப் பொய்யென யாம் சொல்லோம்.

அந்த ஆய்விலேயே மற்றொரு கணக்கும் உண்டு. மின்சிகரெட்டால் புகையை விட்டவர்களுள் நூற்றுக்கு எண்பதின்மர் ஓராண்டுக்குப் பின்னும் மின்சிகரெட்டை விடவில்லை. நீண்டநாள் பயன்படுத்தினால் நுரையீரல் என்னாகும் என்பதைச் சொல்ல அது பிறந்து இன்னும் போதிய காலம் ஆகவில்லை.

அடுத்துப் பிள்ளைகள். அமெரிக்காவில் 2019-இல் உயர்நிலைப்பள்ளி மாணவருள் நூற்றுக்கு 27 பேருக்கு மேல் மின்சிகரெட் பழகியிருந்தனர். இவர்கள் சிகரெட்டை விடுவதற்காக இதற்கு வந்தவர்களா? அவர்களுட் பலர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. மாம்பழமும் புதினாவும் மணக்கச் செய்தது அறுபது வயது ஓட்டுநருக்காகவா? 2018-இல் பெரும் சிகரெட் நிறுவனமாகிய ஆல்ட்ரியா, ஜூல் என்னும் மின்சிகரெட் நிறுவனத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கை 1280 கோடி டாலருக்கு வாங்கியது. தீங்கைக் குறைக்கும் அருளுணர்வால் அத்துணைப் பணம் கொட்டுவார் உலகில் இல்லை. அண்ணாச்சிக்கு உதவிய இங்கிலாந்தும்கூட, 2023-இல் பத்து இலட்சம் பேருக்கு அக்கருவியை வழங்குவதாக அறிவித்த நாடு, பள்ளிப் பிள்ளைகளை முன்னிட்டும் குப்பையை முன்னிட்டும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மின்சிகரெட்டை 2025 ஜூன் முதல் நாளிலிருந்து தடை செய்துவிட்டது.

ஒரு செய்தியை நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். 2019-20-இல் அமெரிக்காவில் நுரையீரல் சிதைந்து அறுபத்தெட்டுப் பேர் மாண்டதை நம் மாதர் பிரிவின் துண்டறிக்கை எடுத்துக் காட்டியிருந்தது. அவர்களுட் பெரும்பாலோர் கஞ்சாச் சத்து நிரம்பிய திரவத்தைப் பயன்படுத்தியவர்கள். அதில் கலந்த ஒருவகை வைட்டமின் எண்ணெயே முதன்மைக் காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. வலுவான வழக்கு நம் பக்கம் இருக்கும்போது வலுவற்ற சான்றைக் காட்டுவானேன்?

நம் நாட்டு நிலைக்கு வருவோம். தமிழ்நாடு அரசு 2018-இலேயே தடை செய்தது. 2019 செப்டம்பர் 18-இல் மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, டிசம்பரில் முழுச் சட்டமாக்கியது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் யாவும் குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். பயன்படுத்துவோருக்கென்று தனித் தண்டனைப் பிரிவு இல்லை. ஆனால் அண்ணாச்சியின் திரவத்தை இங்கே எவரும் முறைப்படி விற்கவும் முடியாது, வெளியிலிருந்து கொண்டுவரவும் முடியாது.

பிள்ளைகளை எண்ணும்போது இத்தடையை யாம் வரவேற்கிறோம். அண்ணாச்சியை எண்ணும்போது அவ்வளவு எளிதாகக் கைதட்ட இயலவில்லை. 2016-17-இல் எடுத்த கணக்கின்படி நம் நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 28.6 பேர், அதாவது 26.7 கோடிப் பேர், புகையிலை பயன்படுத்துவோர். சிகரெட் புகைப்போர் அவருள் சிறுபகுதி, நூற்றுக்கு 4 பேர்தாம். பீடி 7.7, கைனியோ 11-க்கும் மேல். நம் ஒர்க்ஷாப்பில் உள்ளங்கையில் சுண்ணாம்பு வைத்துப் புகையிலையைத் தேய்த்து, தட்டி, உதட்டுக்குள் ஒதுக்காத ஷிப்ட்டு உண்டா? அவர்களுக்கு எரிதலும் இல்லை, புகையும் இல்லை. வாய்ப்புற்று மட்டும் உண்டு. சுவீடனில் ஆண்கள் ஸ்னுஸ் என்னும் பொடியை உதட்டில் ஒதுக்கிச் சிகரெட்டைக் குறைத்தனர். அங்கே நுரையீரல் புற்றும் குறைந்தது. அதைக் காட்டி, கைனியும் அவ்வாறே என்று சொல்வார் உண்டு. அந்தப் பொடி நீராவியில் பக்குவப்படுத்தப்பட்டு நச்சு குறைக்கப்பட்டது. நம் கைனியையும் குட்காவையும் அதனோடு சேர்த்து எண்ணுவது மோரையும் கள்ளையும் ஒன்றாக எண்ணுவது போலாம். குட்காவுக்கும் தடை உண்டு. கடைக்காரர் பான் மசாலாவை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை வேறொரு பொட்டலத்திலும் விற்கிறார், வாங்குவோர் வாயில் கலந்து கொள்கிறார்!

எனவே அண்ணாச்சி கேட்டதற்கு எம் விடை இதுதான். நீங்கள் கேட்டதும் தாய்மார்கள் கேட்டதும் ஒரே கேள்வியன்று. முப்பத்தைந்து ஆண்டுகள் புகைத்தவருக்குச் சிகரெட்டைவிட அது தீங்கு குறைந்ததா? ஆம் என்றே சான்றுகள் சொல்கின்றன. ஒன்றும் பழகாத பிள்ளைக்கு அது ஆகுமா? ஆகாது, அவனுக்கு அது புதிய விலங்கு. ஒருவருக்குச் சொன்ன விடையை மற்றவர்மேல் ஏற்றுவதனால்தான் அன்று கூட்டம் குழம்பியது. சட்டம் பிள்ளையின் கேள்விக்கு விடை சொல்லிவிட்டது. அதைவிடக் கொடியதைக் கடையில் விட்டுவைத்து, அண்ணாச்சியின் கேள்வியை அந்தரத்தில் விட்டுவிட்டது. அக்குறையைச் சொன்னால் சிகரெட் வணிகருக்குத் துணை போவதாக எவரும் எண்ணற்க.

மார்கழியில் அண்ணாச்சியிடம் திரவம் தீர்ந்துபோயிற்று. சந்தையில் ஒருவன் மும்மடங்கு விலைக்கு மறைவாகத் தர முன்வந்தானாம். பெயரற்ற அந்தக் குப்பியில் என்ன இருக்குமோ என்று அஞ்சி வாங்காமல் வந்தார். ஆனால் அன்று மாலை எம் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றபோது அவர் பையில் சிகரெட் பெட்டி இருந்தது. பிரிக்கவில்லை. "தம்பி, உன் அப்பாவோடு ஒரே லைனில் ஓடியவன் நான். என்ன செய்யச் சொல்கிறாய்?" என்றார். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பேசி யாம் கேட்டதில்லை.

அன்றிரவே 1800-11-2356 என்னும் தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணுக்குப் பேசச் செய்தோம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள். அவர்கள் சொல்லியபடி மருத்துவரிடம் காட்டி, நிகோடின் பசை வாங்கினார். அதைச் சாதாரண மிட்டாய்ப் பசை போல் மெல்லக்கூடாது. சிறிது மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, பின்னர் மீண்டும் மெல்ல வேண்டும். "வெற்றிலை போட்ட வாய்க்கு இதுவா கற்றுக்கொடுக்க வேண்டும்?" என்று சிரித்தார். முதல் வாரத்தில் இருமுறை தவறினார்; மறைக்காமல் வந்து சொன்னார். நேற்றோடு முப்பத்தெட்டு நாள்கள் ஆகின்றன.

அந்த உதவி எண்ணைப் படிப்பகத்தின் சுவரில் எழுதிவைத்திருக்கிறோம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் படிப்பகம் திறந்திருக்கும். பேசத் தயங்குவோருக்கு அண்ணாச்சியே பக்கத்தில் அமர்ந்து துணையிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். கைனி போடும் அன்பர்களும் வரலாம். இப்போதும் அவர் பின்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். யாம் சொன்னதில் பிழை இருந்தால் எழுந்து சொல்லும் உரிமை முதலில் அவருக்கே உரியது.