சட்டத்தின் சொல்லும் தோட்டத்து ஓடையும்



மொழியியல் கற்றவர்க்குச் சுற்றுச்சூழல் சட்டத்தில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அதற்கான விடை இவ்வூரிலேயே இருக்கிறது. மந்தின் வட்டாரத் தோட்டமொன்றில் நாம் சிறுவராய் இருந்த காலத்தில், ரப்பர் ஆலைக்குக் கீழே ஓடிய ஓடை வெளுத்துக் கிடக்கும். பாலை உறையவைத்துத் தாள்களாக அழுத்திய பின் எஞ்சிய புளித்த நீர் அதில் கலந்தது. லயத்து மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடந்தனர். கிராணியாரிடம் சொன்னால், “ஸ்டோர் என்றால் நாறத்தானே செய்யும்” என்பார். அந்த நாற்றத்தைத் தவறு என்று நிறுவுவதற்குரிய சொல் எங்களிடம் இல்லை. யாரிடம் முறையிடுவது என்பதும் தெரியாது.

அச்சொல் 1974இல் பிறந்தது. அவ்வாண்டு நாடாளுமன்றம் இயற்றிய சுற்றுச்சூழல் தரச் சட்டம், அதாவது 127ஆம் சட்டம், 1975 ஏப்ரல் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இன்று நாம் ‘ஜபாத்தான் ஆலாம் செக்கித்தார்’ என வழங்கும் சுற்றுச்சூழல் துறையின் அதிகாரத்திற்கு இதுவே வேர். அரசுத் துறை எதுவும் தன் விருப்பப்படி இயங்க இயலாது. சட்டம் கொடுத்த சொல்லே அதன் அதிகாரம். அச்சொல் முடியும் இடமே அதன் எல்லை. இதனையே இவ்வுரையில் சில சான்றுகளால் விளக்க முனைகின்றோம்.

முதலில் வரையறையைக் காண்போம். ‘சுற்றுச்சூழல்’ என்பதற்கு அச்சட்டம் தரும் பொருள் விரிவானது. மனிதரைச் சூழ்ந்த நிலம், நீர், வளிமண்டலம், தட்பவெப்பம், ஒலி, நாற்றம், சுவை ஆகியவற்றையும், விலங்கு, தாவரம் ஆகிய உயிரினங்களையும், அழகுணர்வு என்னும் சமூகக் கூறினையும் அது உள்ளடக்குகிறது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், விலங்கு, மரம், புள் முதலியவற்றைக் கருப்பொருளாகவும் தொல்காப்பியம் வகுத்ததைப் படித்த மாணவர்க்கு இவ்வரையறை அயலாகத் தோன்றாது. இங்கு நாம் உற்றுநோக்க வேண்டிய சொல் ‘நாற்றம்’. கிராணியார் இயல்பென்று தள்ளிய ஒன்றைச் சட்டம் தன் வரையறைக்குள் எழுதி வைத்தது. அதன்பின் ஓடையின் நாற்றம் துறை கேட்டறிய வேண்டிய செய்தியாயிற்று.

வரையறை மட்டும் ஓடையைத் தூய்மையாக்கிவிடாது. அதற்கு எண் வேண்டும். இச்சட்டத்தின்கீழ் முதன்முதலில் கட்டுப்படுத்தப்பட்டவை தோட்டத் தொழில்களே. 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனித்தனி விதிமுறைகள் வெளியாயின. உரிமம் இன்றி அவ்வாலைகள் இயங்கக் கூடாது என்றாயிற்று. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலிருந்து எவ்வளவு உயிர்வளியை உறிஞ்சுகின்றன என்பதே மாசின் முதன்மையான அளவுகோல். செம்பனை ஆலையின் கழிவுநீரில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் இருக்கும். 1978இல் துறை அனுமதித்த உச்ச அளவு 5,000. அதனைப் படிப்படியாகக் குறைத்து, 1984இல் 100 என நிறுத்தியது. கழிவை அப்படியே ஆற்றில் விட்டுவந்த ஆலைகள், குளங்கள் வெட்டித் தேக்கிப் பக்குவப்படுத்திய பின்னரே வெளியேற்றத் தலைப்பட்டன. ஆறே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது. ஒரே நாளில் 100 என்றிருந்தால் ஆலைகள் மீறியிருக்கும். காலவரையறை இன்றி விட்டிருந்தால் ஒன்றும் மாறியிராது.

அதே எண் வேலியாகவும் மாறக்கூடும். 1988 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணை, 500 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தோட்டத்தில் பயிர்வகை மாறுமாயின் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்றது. வீடமைப்புத் திட்டமாயின் அவ்வளவு 50 ஹெக்டர். பால்மரக் காடுகள் செம்பனையாகவும், பின்னர் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியதைக் கண்ணாரக் கண்ட நெகிரி செம்பிலான் மக்களுக்கு இவ்வெண்களின் பொருள் விளங்கும். 499 ஹெக்டர் தோட்டத்திலும் மரம் வீழும், மண் கரையும், ஓடை கலங்கும். ஆயினும் அவ்விதி அங்கே வாய் திறவாது. 2015இல் அவ்வாணைக்கு மாற்றாகப் புதிய ஆணை வந்தது. எண் மாறலாம், எண்ணுக்குக் கீழே இருப்பது கண்ணுக்குத் தப்பும் என்பது மாறாது.

அடுத்து, கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையை நோக்குவோம். எவ்வதிகாரம் கூட்டரசுக்கு, எவ்வதிகாரம் மாநிலத்துக்கு என அது பட்டியலிடுகிறது. அதில் ‘சுற்றுச்சூழல்’ என்னும் சொல் தனித்தலைப்பாக இல்லை. நிலமும் காடும் ஆறும் மாநிலத்தின் பக்கம் நிற்க, அவற்றைக் காக்கும் துறையோ கூட்டரசின் பக்கம் நிற்கிறது. சரவாக்கின் பக்குன் அணை வழக்கில் 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இப்பிளவை வெளிப்படையாக்கியது. நிலமும் ஆறும் சரவாக்கினுடையவை. ஆகவே அத்திட்டத்துக்குப் பொருந்துவது கூட்டரசின் மதிப்பீட்டு ஆணையன்று, மாநிலச் சட்டமே என்று அது கூறியது.

பக்குன் தொலைவில் உள்ளது. நம் வாசலிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2016இல் நாற்ற மாசினால் சிலாங்கூரின் செமினி நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மூடப்பட்டது. மாசின் மூலம் எல்லைக்கு இப்பால், நீலாய்ப் பகுதியில் தேடப்பட்டது. சிலாங்கூரின் நீர் நிருவாக வாரியம் அம்மாநிலச் சட்டத்தால் அமைந்தது. அதன் கை இங்கு நீளாது. இரு மாநிலத்திலும் செல்லுபடியாகும் 127ஆம் சட்டத்தின் தேவை அப்போது புலப்பட்டது. ஆறு எல்லைக்கல்லைப் பார்த்து ஓடுவதில்லை அன்றோ!

நாட்டெல்லையைக் கடக்கும் மாசுக்கு ஒப்பந்தங்கள் வேண்டும். ஆயினும் நம் நாட்டில் ஒப்பந்தத்தில் இணைந்த அளவிலேயே அது சட்டமாகிவிடாது. நாடாளுமன்றம் அதனை உள்நாட்டுச் சட்டத்தில் ஏற்றுதல் வேண்டும். நச்சுக் கழிவுகளின் போக்குவரவைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் மலேசியா 1993இல் இணைந்தது. அதற்கியைந்த விதி 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்டத்தில் இடம்பெற்றது. 2019இல் நெகிழிக் கழிவும் அவ்வுடன்படிக்கையின் பிடிக்குள் கொண்டுவரப்பட்டது.

புகைமூட்டத்திலோ நிலை வேறு. 1997ஆம் ஆண்டுப் புகைமூட்டத்திற்குப் பின் திறந்தவெளி எரிப்பு உள்நாட்டில் குற்றமாயிற்று. 2002இல் ஆசியான் நாடுகள் எல்லை கடந்த புகைமாசு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சட்டம் ‘குற்றம்’ என்கிறது. ஒப்பந்தம் ‘ஒத்துழைப்போம்’ என்கிறது. முன்னதில் தண்டனை உண்டு; பின்னதில் கலந்துபேசுதலே உண்டு. புகை ஒன்றே எனினும் அதனைத் தடுக்கும் வினைச்சொற்கள் வேறு.

இறுதியாக, எம் நெஞ்சை நெடுநாள் வருத்திய ஒரு சொல்லைப் பற்றிக் கூறல் வேண்டும். தோட்டத்தில் எம் அத்தைமார் முதுகில் பம்பைச் சுமந்து ‘மருந்தடிக்க’ச் சென்றனர். நகம் கறுத்து, மூக்கில் இரத்தம் கசிந்து திரும்பினர். ‘மருந்து’ தீங்கு செய்யும் என்று யார்தான் ஐயுறுவர்? அதே 1974இல் இயற்றப்பட்ட பூச்சிக்கொல்லிச் சட்டம் மலாயில் அப்பொருளை ‘ராச்சுன்’ என்றே பெயரிட்டு அழைக்கிறது. ராச்சுன் என்றால் நஞ்சு. அச்சட்டத்தை நடத்துவதோ சுற்றுச்சூழல் துறை அன்று. வேளாண்மைத் துறையின்கீழ் இயங்கும் பூச்சிக்கொல்லி வாரியம். பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு 2002இல் தடை அறிவிக்கப்பட்டது; 2006இல் அது தளர்த்தப்பட்டது; 2020 ஜனவரி முதல் நாளிலிருந்தே முழுத்தடை நிலைபெற்றது. அவ்வாண்டுகளிலெல்லாம் நம்மவர் நாவில் அது ‘மருந்து’ என்றே வழங்கிற்று.

ஆசிரியப் பெருமக்களே, முறையீட்டுக் கடிதம் எழுதும் பயிற்சி நம் பள்ளிகளில் உண்டு. அதனை மதிப்பெண்ணுக்கான பயிற்சியாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எந்நாள், எந்நேரம், எவ்விடம், என்ன நிறம், என்ன நாற்றம் என்று துல்லியமாக எழுதப் பழக்குங்கள். குப்பையாயின் ஊராட்சி மன்றம், ஆலைக் கழிவாயின் சுற்றுச்சூழல் துறை, தெளிக்கும் நஞ்சாயின் பூச்சிக்கொல்லி வாரியம் என முகவரியைத் தெரிந்தெழுதச் செய்யுங்கள். தமிழில் சிந்தித்து மலாயில் அனுப்பட்டும். 2024ஆம் ஆண்டுத் திருத்தம் சில குற்றங்களுக்கான உச்சத் தண்டத்தொகையை 10 மில்லியன் ரிங்கிட்டாக உயர்த்தியுள்ளது. ஆனால் முறையீடே வராத ஓடைக்கு அத்தொகையால் பயனில்லை.

அன்று எங்களிடம் சொல் இல்லை. இன்று உங்களிடம் உண்டு.