ஸ்டெப்னி இல்லாத கார்

கார் வைத்திருப்பவர்கள் இன்று ஒரு வேலை செய்யுங்கள். டிக்கியைத் திறந்து, அடியில் விரித்திருக்கும் அட்டையைத் தூக்கிப் பாருங்கள். ஐந்தாவது சக்கரம் இருக்கிறதா? பலருக்கு இருக்கும். அண்மைக் காலத்தில் புது வண்டி எடுத்த சிலருக்கோ அந்த இடத்தில் சின்னப் பை ஒன்றுதான் கிடக்கும். அதற்குள் காற்றடிக்கும் குட்டி கம்ப்ரஸர் ஒன்றும், பால் போன்ற திரவம் அடைத்த பாட்டில் ஒன்றும் இருக்கும். குறிப்பாக மின்சாரக் கார் வாங்கியவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். அடியில் கேஸ் சிலிண்டர் வைத்த சிஎன்ஜி வண்டிக்காரர்களும் பார்த்துவிடுவது நல்லது.

சக்கரம் இல்லையென்றால் அது யாரும் திருடிப் போனதல்ல. 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. ஓட்டுநரைத் தவிர எட்டுப் பேருக்கு மேல் ஏறாத, மூன்றரை டன்னுக்கு மிகாத வண்டியில் டயர்கள் ட்யூப்லெஸ்ஸாக இருந்து, காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் பஞ்சரைச் சரிசெய்யும் பையும் இருந்தால், ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று அந்தத் திருத்தம் சொன்னது. இடம் மிச்சமாகும், மின்சார வண்டியில் பெரிய பேட்டரி வைக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் வண்டியை விற்கும்போது டிக்கியின் விசாலத்தைக் காட்டுகிறவர்கள், அந்த விசாலம் எதை எடுத்துவிட்டுக் கிடைத்தது என்பதையும் வாங்குகிறவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நள்ளிரவில் நடுவழியில் நின்ற பிறகு தெரிந்துகொள்கிற விஷயமாக அது இருக்கக் கூடாது.

கார் பிறந்த காலத்திலும் உதிரிச் சக்கரம் கிடையாது. பஞ்சர் ஆனால் தெருவிலேயே உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்ட வேண்டியதுதான். வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள்தான் 1904-இல் உதிரிச் சக்கரத்தைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். நூற்றாண்டு கடந்து, மறுபடியும் நாலு சக்கரத்தோடு மட்டும் ஊருக்குக் கிளம்புகிறோம். ஆனால் அந்தக் காலத்து ஓட்டுநருக்கு டயரைப் பிரித்துக் கோக்கத் தெரிந்திருந்தது. நமக்கு அது தெரியாது. அதனால் வேறு சில விஷயங்களையாவது தெரிந்துகொண்டாக வேண்டும்.

நம் மதுரையைச் சுற்றியுள்ள சாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்துத் தொழிலை இங்கே வேரூன்றச் செய்த டி.வி. சுந்தரம் ஐயங்காரைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணிகள் பேருந்து டயரைக் குத்தாமலிருக்க, முதல் பேருந்து கிளம்பும் முன்னே காந்தம் கட்டிய வண்டியை ஓடவிட்டு அவற்றைப் பொறுக்க வைத்தாராம். இன்று மாட்டு வண்டியும் குறைந்துவிட்டது, லாட ஆணியும் குறைந்துவிட்டது. ஆனால் கட்டடக் கம்பித் துண்டும் திருகாணியும் சாலை ஓரத்தில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. நாலு வழிச் சாலையை விட்டு இறங்கி மானாமதுரை, திருச்சுழி, கள்ளிக்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்குள் நுழைந்தால் சீமைக் கருவேல முள் காத்திருக்கும். அதை வெட்டி அகற்றச் சொல்லி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் உத்தரவிட்டது. ஆனாலும் சாலையோரப் புதர்கள் இன்னும் இருக்கின்றன. காய்ந்த முள் டயரில் ஏறினால் முனை ஒடிந்து ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாளில் காற்று மட்டும் மெல்ல இறங்கியிருக்கும்.

ட்யூப்லெஸ் டயரின் நல்ல குணமே இந்த மெல்ல இறங்குவதுதான். ட்யூப் போட்ட டயரில் ஆணி குத்தினால், ட்யூபில் விழுந்த ஓட்டை வழியே காற்று நிமிடத்தில் போய்விடும். ட்யூப்லெஸ்ஸில் குத்திய ஆணியே அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். பஞ்சர் கடைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: "ஆணியப் புடுங்கிறாதீங்கண்ணே, அப்படியே கொண்டாங்க." ஆணியைப் பார்த்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நெம்பத் தோன்றும். நெம்பினீர்களானால், அரை நாள் தாங்கியிருக்கக் கூடிய டயர் நீங்கள் எழுந்து நிற்பதற்குள் படுத்துவிடும்.

டேஷ்போர்டில் குதிரை லாடம் போன்ற வளைவுக்குள் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால், ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது என்று பொருள். சில வண்டிகளில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கும். வேறு சிலவற்றில் சக்கரம் சுற்றும் வேகத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் அந்த விளக்கு எரிகிறது. இந்த இரண்டாவது வகை, நாலு டயரிலும் ஒரே அளவில் காற்று குறைந்தால் கண்டுபிடிக்காமல் போகலாம். ஆகவே விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். மாதம் இருமுறையாவது, காலையில் வண்டி ஓடும் முன் காற்றைப் பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஐம்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு பங்க்கில் நின்று பார்த்தால் மீட்டர் கூடுதலாகத்தான் காட்டும். கூடுதலாக இருக்கிறதே என்று அங்கே காற்றை இறக்கிவிடாதீர்கள். ஆறிய பிறகு அளவுக்குக் குறைவாகிவிடும். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய சீட்டில் இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு அளவு இருக்கலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, அடியில் தடதடவென்று சத்தம் வருகிறது என்று வையுங்கள். சட்டென்று பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். வேகம் தானாகக் குறையட்டும். திண்டுக்கல்லிலிருந்து மதுரை வழியாக விருதுநகர் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில், இரவில் லாரிகள் வரும் வேகம் உங்களுக்குத் தெரியும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, முடிந்தால் தாருக்கும் வெளியே வண்டியை ஒதுக்குங்கள். நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள். சிவப்பு முக்கோணத்தை வண்டிக்கு மிகவும் பின்னால், குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி வையுங்கள். குழந்தைகள், பெரியவர்கள் எல்லாரும் வண்டியை விட்டு இறங்கி, ஓரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்கட்டும். வண்டிக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பது வசதி என்று நினைத்துவிட வேண்டாம். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நின்ற வண்டியின் பின்னால் இன்னொரு வண்டி மோதித்தான் உயிர்கள் போகின்றன.

நத்தம் சாலை மேம்பாலம் இன்னும் சிக்கல். 2023-இல் திறந்த அந்தப் பாலம் 7.3 கிலோமீட்டர் நீளம். அதன் நடுவில் டயர் படுத்துவிட்டால், டயர் கெடுமே என்று அங்கேயே நிறுத்தாதீர்கள். நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு, நடை வேகத்தில், அடுத்த இறக்கம் வரை உருட்டிக்கொண்டு வாருங்கள். டயர் பாழாகத்தான் செய்யும், ரிம்மும் அடிபடலாம். அது போனால் போகட்டும்.

பாதுகாப்பாக நின்றாயிற்று. இனிப் பையை எடுக்கும் முன் டயரை ஒரு சுற்றுப் பாருங்கள். ஓட்டை எங்கே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாலையில் படுகிற பட்டையான பகுதியில் ஆணி என்றால் வழி உண்டு. பக்கவாட்டுச் சுவர் கிழிந்திருந்தாலோ, டயர் வெடித்திருந்தாலோ, ரிம்மை விட்டுக் கழன்றிருந்தாலோ அந்தப் பாட்டிலால் ஒரு பயனும் இல்லை. பக்கச் சுவரில் பஞ்சரும் ஒட்ட முடியாது, டயரை மாற்றத்தான் வேண்டும். அப்போது பையை மூடி வைத்துவிட்டு உதவிக்குப் போன் செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. கப்பலூர், சிட்டம்பட்டி, எலியார்பத்தி சுங்கச்சாவடிகளில் நாம் கட்டும் பணத்துக்கு உரிய சேவைதான் இது, கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கார் நிறுவனத்தின் சாலையோர உதவி எண்ணையும் இப்போதே போனில் பதிந்து வையுங்கள். சந்தா முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

ஆணி பட்டையில்தான் குத்தியிருக்கிறது, காற்றும் மெல்லத்தான் இறங்குகிறது என்றால், என் யோசனை இது: பாட்டிலைத் தொடாதீர்கள், கம்ப்ரஸரை மட்டும் எடுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகி, கதவுத் தூணில் ஒட்டிய சீட்டில் போட்ட அளவுக்குக் காற்றடியுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து மீண்டும் அளந்து பாருங்கள். அழுத்தம் நின்றால் மெதுவாகப் பக்கத்துப் பஞ்சர் கடைக்கு ஓட்டிப் போகலாம். வெள்ளையடித்த பழைய டயர் ஒன்று சாலையோரம் நிமிர்ந்து நிற்கும் இடம்தான் கடை. திருமங்கலம், மேலூர், திருப்புவனம், வாடிப்பட்டி எல்லா ஊர் முனையிலும் உண்டு. இரவென்றால் லாரிகள் ஒதுங்கும் ஹோட்டல்களுக்குப் பக்கம் தேடுங்கள்.

காற்று நிற்கவே இல்லை என்றால்தான் பாட்டில். திரவம் வால்வு வழியே உள்ளே போய், வண்டி ஓடும்போது டயருக்குள் பரவி, ஓட்டையில் இறுகும். திரவத்தை ஏற்றியவுடன் கிளம்பிச் சில கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, காற்றை மறுபடி பார்க்க வேண்டும். மிகவும் குறைந்திருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், அடைபடவில்லை என்று பொருள். அடைபட்டாலும் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. அந்த டயரோடு ராமேஸ்வரம் போய்த் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், அது கடை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மட்டும்தான். கடைக்காரரிடம் திரவம் ஊற்றியதைச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் டயரைப் பிரித்தால் அவர் மேலெல்லாம் கொட்டும். உள்ளே கழுவித் துடைத்துத்தான் அவர் ஒட்ட முடியும். சென்சார் இருக்கிற சக்கரமென்றால் அதையும் துடைக்கச் சொல்லுங்கள்.

நம் ஊரில் இன்னொரு வழியும் உண்டு. சக்கரத்தைக் கழற்றி, வருகிற ஷேர் ஆட்டோவிலோ டூவீலரிலோ வைத்துக் கடைக்கு அனுப்பி, ஒட்டிக் கொண்டுவந்து மாட்டுவது. ஆனால் ஸ்டெப்னி தராத வண்டிகள் பலவற்றில் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும்கூடத் தருவதில்லை. இரண்டையும் வாங்கிப் போடுங்கள். அவற்றோடு ஒரு முழ நீளப் பலகைத் துண்டும் வேண்டும். திருமங்கலம் தாண்டினால் கரிசல் மண். மழை பெய்த கரிசலில் ஜாக்கி வண்டியைத் தூக்காது, தான் உள்ளே இறங்கும். அடியில் பலகை வைத்தால் நிற்கும். சக்கரம் கடைக்குப் போயிருக்கும் நேரம் முழுக்க வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி விடாதீர்கள். மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, அடியிலும் முட்டுக் கொடுங்கள். யாரும் உள்ளே உட்காரவோ அடியில் கை நீட்டவோ கூடாது.

கடைசியாக, ஸ்டெப்னி தனியாக வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மாட்டுத்தாவணிக்கும் அண்ணா நகருக்கும் இடையே மட்டும் ஓடுகிற கார் என்றால் தேவையில்லை, கூப்பிட்டால் வந்து ஒட்டித் தருகிறவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை கமுதிக்கோ, சாயல்குடிக்கோ, எழுமலைக்கோ சொந்த ஊருக்குப் போகிறவர், அதுவும் வயதான பெற்றோரையோ கைக்குழந்தையையோ கூட்டிக்கொண்டு போகிறவர் என்றால், அதே அளவு ரிம்மும் டயரும் வாங்கி டிக்கியில் படுக்க வைத்து, பட்டை போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டிக்கு இடம் குறையும். வாங்க வசதியில்லையென்றால் பாட்டிலின் மேல் அச்சிட்ட காலாவதித் தேதியையாவது இன்றே பாருங்கள். நாள் கடந்த திரவம் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. தேதி முடிந்திருந்தால் அடுத்த பயணத்துக்கு முன் புதியது வாங்கிவிடுங்கள்.